இழை இழையாக

நல்ல டோப்பாவை உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். கொசுவலையைவிட மெல்லிய லேஸ் துணி. அதன் கண்களில் நுண்ணிய கொக்கியால் ஓரிரு இழைகளாக முடிச்சிட்ட கூந்தல். நெற்றியோரம் ஒற்றை இழை, உள்ளே போகப் போக அடர்த்தி. வகிடு இயல்பாகத் தெரிவது இந்தக் கைப்பொறுமையால்தான். முழுத்தலைக்கும் முடிச்சிட வாரக்கணக்கில் ஆகும்.

டோப்பா தேவைப்படுவோரில் சிலருக்குத் தழும்பு விழும் முடியுதிர்வு. அதில் மயிர்க்கால்களே அழிந்துபோகின்றன. லைக்கன் பிளானோபைலாரிஸ், தோலைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய்கள் இதைச் செய்யும். மருந்து அழற்சியை அடக்கி எஞ்சியதைக் காக்கும். அழிந்த இடத்தில் முடி மறுபடி முளைக்காது. அதனால் தோல் மருத்துவரைச் சீக்கிரம் பார்த்துவிட வேண்டும்.

இழந்த இடத்துக்குத்தான் இந்தக் கைவேலை. உச்சி மட்டும் வெறுமையென்றால் கிளிப் வைத்த சிறு துண்டே போதும். ஆனால் கிளிப் நோயுள்ள தோலை இழுக்கக் கூடாது. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கின் புழுக்கத்துக்குக் காற்றோடும் லேஸே சுகம்.

திருப்பதியில் காணிக்கையாகும் கூந்தல் ஏலம் போய், உலகெங்கும் டோப்பாவாகிறது. ஒருவரின் வேண்டுதல் இன்னொருவரின் பின்னலாகி, அதில் மல்லிகையும் ஏறுகிறது. ஈப்போ கல்யாண மண்டபத்துக்குள் ஒரு பெண்ணைத் தயங்காமல் நடக்க வைக்கும், முடிச்சிட்ட அந்த விரல்களைக் கும்பிடலாம்.