இலவசக் கல்வியும் எண்ணப்படாத பிள்ளைகளும்

கன்னங்கராவின் பெயரைப் போற்றாத கல்வி மேடை நம் நாட்டில் இல்லை. 1943இல் அவர் தலைமையிலான விசேட குழு அளித்த அறிக்கையும், 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், குடியானவன் வீட்டுப் பிள்ளையைச் சர்வகலாசாலை வாயில்வரை கொண்டுசென்றன என்பதை எவரும் மறுக்கமாட்டார். அதே 1943இல், அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்று ஓட்டிசம் என்று நாம் வழங்குவது வைத்திய உலகில் ஊன்றிக் கவனிக்கப்பட்டது அதன் பின்னரே. ஓராண்டிலே பிறந்த அவ்விரு ஏடுகளும் எட்டுத் தசாப்தங்கள் கடந்தும் முல்லைத்தீவிற் சந்திக்கவில்லை என்பதே நம் முறைப்பாடு.

சட்டத்திற் குறையில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோர் கல்வியிற் பாகுபடுத்தப்படலாகாது என்கின்றது. 2016இல் ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிசெய்தது. அதே ஆண்டிற் கட்டாயக் கல்வியின் வயதெல்லையும் 14இலிருந்து 16 ஆக உயர்ந்தது. பின்னர் பிள்ளை வீட்டில் இருப்பதேன்? இதற்குக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டவேண்டும்.

1987இன் 13ஆவது திருத்தத்தின்பின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பாயின. வட மாகாணத்துக்கோ சொந்த வருமானம் சொற்பம். நிதி ஆணைக்குழுவின் சிபார்சின்படி கொழும்பிலிருந்து வரும் நன்கொடையே அதன் மூச்சு. அதிற் பெரும்பகுதி சம்பளத்திற் கரைகின்றது. சம்பளம் ஆளணியைப் பொறுத்தது; ஆளணி மாணவர் தொகையைப் பொறுத்தது. ஆகவே பதிவேட்டிற் பெயரில்லாத பிள்ளைக்காக விசேட கல்வி அலகு தோன்றுவதில்லை. அலகும் பயிற்றப்பட்ட ஆசிரியரும் இல்லாத அதிபரோ அப்பிள்ளையைப் பதிவேட்டிற் சேர்க்கத் தயங்குகின்றார். பட்டினி கிடப்பவனிடம், உடம்பிற் பலம் ஏறட்டும், சோறு தருகின்றோம் என்று கூறும் நியாயம் இது.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவும் கவனமும், தன்னைப் பேணல், தொடர்பாடல் என ஆறு வகை இடர்ப்பாடுகளை வினவி, ஐந்தும் அதற்கு மேற்பட்டதுமான வயதினருள் 8.7 வீதத்தினருக்கு ஏதேனும் ஓர் இடர்ப்பாடு உண்டெனக் கண்டது. ஓட்டிசத்துக்கு அங்கே தனிக் கட்டம் இல்லை. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, இலங்கையின் ஓர் அரைநகர்ப் பகுதியில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என மதிப்பிட்டது. அதை உரைகல்லாகக் கொண்டால், 300 பிள்ளைகள் கற்கும் வன்னிப் பாடசாலை ஒன்றில் மூவர் இருத்தல் வேண்டும். ஆசிரிய நண்பர்களே, அவர்கள் எங்கே? இருந்தால், 'குழப்படிகாரன்' என்றோ 'ஊமை' என்றோ பட்டம் சுமந்து கடைசி வாங்கில் இருக்கின்றார்கள்; இல்லையேல் வீட்டுத் திண்ணையில்.

முல்லைத்தீவில் இன்னொரு திரையும் உண்டு. 2004இற் கடலும் 2009இற் போரும் தின்ற மண் அது. அங்கே பேசாத பிள்ளையை 'ஷெல்லுக்குப் பயந்தது' என்று சொல்லி முடித்துவிடுதல் எளிது. ஓட்டிசமோ ஷெல்லாலும் வருவதன்று, தாயின் குறையாலும் வருவதன்று; நரம்பு வளர்ச்சியில் ஆதியிலேயே அமையும் வேறுபாடு. (சிலர் வழங்கும் 'மதியிறுக்கம்' என்ற சொல்லும் எனக்கு உடன்பாடன்று. இறுகிக் கிடப்பன நமது மணியடிப்பும் பாடத்திட்டமுமே.) சிறப்பு வைத்தியரை நாடிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால், முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் சந்திக்கு வரவே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். 2019ஆம் ஆண்டுக் கணிப்பின்படி நாட்டில் வறியோர் 14.3 வீதம், முல்லைத்தீவில் 44.5 வீதம், மாவட்டங்களுள் அதுவே மிக உயர்ந்தது. நாட்கூலியை இழந்து பஸ் ஏறும் தாய்க்கு எந்தக் கல்வி இலவசம்?

அரசு விட்ட இடத்திற் புகுந்திருப்பது தருமம். உதவி பெறும் விசேட பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கின்றது. எஞ்சியதைத் திருச்சபையும் சமய நிறுவனமும் புலம்பெயர்ந்தோர் பணமும் தாங்குகின்றன. கனடாவிலுள்ள பிள்ளையின் பிறந்தநாளுக்கு இங்கே ஒரு நேரச் சோறு. அச்சோற்றை நாம் இழித்துரைக்கவில்லை. ஆயினும் ஒரு பிள்ளையின் படிப்பு இன்னொருவரின் மனவிரிவில் தங்கியிருப்பது 1945க்கு முந்திய நிலையன்றோ!

முற்போக்காளராகிய நாமும் விசாரணைக்குத் தப்பியவரல்லர். 2012இற் சர்வகலாசாலை ஆசிரியர் தேசிய உற்பத்தியில் 6 வீதம் கல்விக்கு வேண்டுமெனப் போராடியபோது நாமும் உடன் நின்றோம். அந்த 6 வீதத்தில் இப்பிள்ளையின் பங்கென்ன என்ற வினா என் செவிக்கு எட்டவில்லை. அமெரிக்காவிலே 1975இன் சட்டம், விசேட கல்வியின் மேலதிகச் செலவுக்கென, ஒரு மாணவனுக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 வீதம்வரை மத்திய அரசு தரும் என்றது; அண்மை ஆண்டுகளில் 15 வீதத்தையும் அது எட்டவில்லை. செல்வந்த நாட்டின் வாக்கே அவ்வாறானது. எனினும் அங்குள்ள பெற்றோர் கையில் வாதாட ஓர் எண் இருக்கின்றது.

2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்ட உரையில் ஓட்டிசம் என்ற சொல் ஒலித்தது. நன்று. ஆனால் தலைநகரில் எத்துணைச் சிறந்த நிலையம் எழுந்தாலும் துணுக்காய்ப் பிள்ளை நாளை பள்ளி செல்லாது. 2009இல் முள்ளிவாய்க்காலிலோ செட்டிகுளம் முகாமிலோ பிறந்தவனுக்கு 2025இல் வயது 16. அவனைப் பொறுத்தவரை கட்டாயக் கல்வியின் காலம் முடிந்தேவிட்டது. அவனுக்குப் பின் வருவோருக்காகவேனும், முல்லைத்தீவு, துணுக்காய் ஆகிய இரு வலயங்களிலும் கோட்டத்துக்கு ஓர் அலகு வேண்டும். பதிவு கூடட்டும் என்று காத்திராது ஆளணி வேண்டும். பிள்ளையோடு வரும் தாய்க்குப் பயணச் செலவு வேண்டும். நிதி ஆணைக்குழுவின் கணிப்பில் இவற்றுக்கெனத் தனித் தலைப்பு வேண்டும். வீடு வீடாகச் சென்று பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையை ஆசிரியர் சங்கக் கிளைகள் இவ்விடுமுறையிலேயே தொடங்கலாம்.