ஐரிஸ் டீச்சரும் ஜக்கார்டு பெட்டியும்

2024 தொடக்கத்தில் ஒரு வீடியோ பலர் போனிலும் சுற்றியது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் கேடிசிடி மேல்நிலைப் பள்ளி. அங்கே ஒரு ரோபோ ஆசிரியை, பெயர் ஐரிஸ். மேக்கர்லேப்ஸ் எஜுடெக் என்ற நிறுவனம் செய்தது. புடவை கட்டியிருக்கிறது, காலுக்குப் பதில் சக்கரம். ஆங்கிலம், இந்தி, மலையாளம் மூன்றிலும் பேசும், பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லும்.

காஞ்சிபுரத்துக்காரன் ஆச்சே, முதலில் புடவையைத்தான் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, அதற்கு எதற்குப் புடவை? பதில் சொல்லும் பகுதி வெறும் மென்பொருள். அந்த மாதிரி மென்பொருளை ஒரு போனிலேயே பேச வைக்கலாம். உடம்பும் புடவையும் சக்கரமும் "இது ஒரு டீச்சர்" என்று நம்மை நம்ப வைக்க மட்டும்தான். ரோபோ மேல் எனக்கு வெறுப்பு கிடையாது, சுஜாதாவின் ஜீனோவைப் படித்து வளர்ந்தவன்தான். ஆனால் ஐரிஸைச் செய்தவர்கள் ஆசிரியர் வேலையில் தப்பான பாதியை எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல எங்க ஊர்த் தறிக்குப் போக வேண்டும்.

ஜக்கார்டு வருவதற்கு முன் இங்கே "அடை" கட்டிப் புட்டா போட்டார்கள். எந்த இழை எப்போது மேலே போக வேண்டும் என்பதைத் தறியில் நூலாலேயே கட்டி வைப்பது. நெய்பவர் ஊடை ஓட்ட, உதவிக்கு இருப்பவர் அந்த நூல்களை வரிசையாகத் தூக்கிக் கொடுப்பார். பிரான்சில் 1804 வாக்கில் ஜக்கார்டு செய்த கருவி, இப்படித் தூக்கிக் கொடுக்கும் வேலையைத் துளை போட்ட அட்டைக்கு மாற்றியது. (பாபேஜ் 1830களில் தன் கணக்குப் பொறிக்கு இதே அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். என் தொழிலுக்குப் பாட்டன் பிள்ளையார்பாளையத்துத் தறி மேல உட்கார்ந்திருக்கான் என்று ஆபீசில் பெருமை அடிப்பது வழக்கம்.) பெட்டி எடுத்துக்கொண்டது இழை தூக்குவதை. எவ்வளவு இறுக்கி அடிப்பது, இழை அறுந்தால் எப்படிப் பிணைப்பது, உடலும் கரையும் சேரும் கோர்வையை எப்படிப் பிசகாமல் கொண்டுபோவது எல்லாம் நெய்பவர் கையிலேயே நின்றது.

வகுப்பறையில் கணினி உதவாது என்று சொல்லவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளை வைத்து முரளிதரன், சிங், கனிமியன் மூவரும் செய்த ஆய்வு 2019-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் வந்தது. குலுக்கல் முறையில் இடம் கொடுத்து ஒப்பிட்டார்கள். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் முன்னேற்றம். கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். காரணம் சாதாரணமானது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொருத்தரையும் அவரவர் நின்ற இடத்தில் போய்ப் பிடித்தது. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. 90 நிமிட அமர்வில் கணினி முன்னால் 45 நிமிடம்தான். மீதி 45 நிமிடம் ஒரு ஆள் சிறு குழுவுக்குப் பாடம் நடத்தினார். அந்த எண்கள் இரண்டும் சேர்ந்ததன் பலன்.

நம்ம மாநிலத்திலும் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஏற்கெனவே மென்பொருளோடுதான் வேலை செய்கிறார். 2022-23-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள், மதிப்பீட்டுக்குச் செயலி உண்டு. புடவை கட்டிய ரோபோவை விட இதைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்க வேண்டும்.

என் அக்கா வேலை செய்வது ஒரு சின்ன தனியார் பள்ளியில். அங்கே வேறொரு கம்பெனியின் செயலி, நிலைகள் 1, 2, 3. போன வருஷம் ஒரு பையன் 2-லிருந்து 1-க்கு இறங்கியதைக் காட்டினாள். "மறந்துட்டானாக்கா?" என்றேன்.

"மறக்கலடா. அன்னிக்கு விடியக்காலையில அவங்க தெருவுல பாவு நீட்டியிருக்காங்க. நாலு மணிக்கே எழுப்பி விட்டிருக்காங்க. முதல் பீரியட்ல தூங்கி விழுந்தான். மத்தியானம் சாப்பிட்டப்புறம் அதே கணக்கைக் கேட்டேன், டக்குனு சொன்னான்."

என் மாதிரி ஆளுக்கு உடனே தோன்றுவது, செயலியில் இன்னொரு கட்டம் சேர்க்கலாமே, "தூக்கம்: ஆம் / இல்லை". இப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான், எமிஸ் பதிவு வேலையிலிருந்து எங்களை விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்கும் அளவுக்கு வந்திருக்கிறது. இழை தூக்குவது என்றால் இதுதான். ஐரிஸ் இந்த வேலையை வாங்கிக்கொண்டிருந்தால் நானே அதற்கு ஒரு கோர்வைப் பட்டு எடுத்துக் கொடுத்திருப்பேன்.

இந்த உவமையை இன்னும் இழுத்தால் எனக்கே சங்கடமான இடத்துக்குப் போகிறது. அடை காலத்தில் டிசைன் தறியிலேயே இருந்தது. இன்று அதை எங்கேயோ கணினியில் வரைந்து, அட்டை குத்தி அனுப்புகிறார்கள். நெய்பவர் நினைத்தால் ஒரு மாங்காய்ப் புட்டாவைச் சும்மா மாற்றிவிட முடியாது. பெட்டி அவர் கையை விட்டுவைத்தது, தீர்மானத்தைக் கொண்டுபோய்விட்டது. வகுப்பறையில் நான் பயப்படுவது இதற்குத்தான். பாடம், கேள்வி, யார் எந்த நிலை என்ற முடிவு மூன்றும் மேலிருந்து இறங்கினால், பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து இழை தூக்கும் உதவியாள் ஆசிரியர்தான் என்று ஆகிவிடும். அதற்கு ரோபோவே தேவையில்லை.

அதனால் ஒரு கருவியைப் பார்த்தால் அது எத்தனை மொழி பேசும் என்று நான் கேட்பதில்லை. அது சொன்ன நிலையை டீச்சர் மாற்ற முடியுமா, மாற்றினால் ஏன் என்று எழுத இடம் இருக்கிறதா என்று தேடுகிறேன். அக்காவின் செயலியில் இரண்டும் இல்லை. அவள் அந்தப் பையனை 2-ஆம் குழுவிலேயே உட்காரவைத்துவிட்டாள். அடுத்த மதிப்பீடு வரும்வரை செயலியில் அவன் 1-லேயே இருந்தான்.