யாரை விளிக்கிறது பாட்டு? முத்துக்குளித்துறைப் பாடல்களும் தலைமுறைகளின் மனமும்

சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் இரண்டு உள்ளங்கள் பிரிவது பாட்டால்தான். கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அந்தப் பாட்டில் வேறொருத்தி இருப்பதாக மாதவி எண்ணுகிறாள். அவளும் யாழை வாங்கி, வேறொருவனை நினைத்தவள்போலப் பாடுகிறாள். கோவலன் எழுந்து போய்விடுகிறான். இருவர் பாட்டிலும் இருந்தவை ஆறும் கடலும் கானலுமே, பொருளில் குற்றமில்லை. அந்தப் பாட்டு யாரை நோக்கியது என்ற ஒரே ஐயத்தில் காப்பியத்தின் போக்கே திரும்பிவிடுகிறது. ஒரு தலைமுறையின் மனத்தை அதன் வெகுசனப் பாடல்கள் காட்டுகின்றன என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் பாட்டின் பொருளைத்தான் எடுத்து எண்ணுகிறோம்: எத்தனை காதல், எத்தனை தத்துவம், எத்தனை நாட்டுப்பற்று என்று. அந்தக் கணக்கு அதிகம் சொல்லாது. காதலும் வறுமையும் சாவும் எந்தத் தலைமுறையின் பாட்டில் இல்லை? இலக்கணம் தரும் வேறொரு அளவுகோல் இன்னும் நுட்பமானது: பாட்டின் முன்னிலை. பாடுகிறவர் யாரை 'நீ' என்கிறார்? தன் குரல் யார் காதில் விழும் என்று நம்புகிறார்? அந்த நம்பிக்கை தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. அந்த மாற்றத்தையே தலைமுறையின் நோக்கு என்று சொல்லத் தகும்.

இதைச் சோதித்துப் பார்க்க வேம்பார் முதல் மணப்பாடு வரையிலான முத்துக்குளித்துறைக் கரையைவிடப் பொருத்தமான இடம் குறைவு. கொற்கை முத்தைச் சங்கப் பாடல்களும் பாடின, கிரேக்க மாலுமிகளின் குறிப்பேடும் பதிந்தது. 1530-களில் இக்கரை மீனவரான பரதவர் கூட்டமாகக் கத்தோலிக்க மதம் தழுவினர். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1658-ல் டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் தூத்துக்குடித் துறைமுகத்தைக் கைக்கொண்டனர். இவ்வளவு கைமாறிய கரையின் பாடல்களை ஆராய்ச்சியும் பல கைகளுக்குப் பங்கிட்டுவிட்டது. மீனவர் பாட்டு நாட்டார் வழக்காற்றியலுக்குப் போனது, பாரதி இலக்கியத்துக்குப் போனார், நாடக மேடையும் தேசிய இயக்கமும் சேர்ந்த கதையை தியடோர் பாஸ்கரன் 1981-ல் எழுதினார், எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்தை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் ஆராய்ந்தார். ஒவ்வொன்றும் தன்னளவில் பெரிய உழைப்பு. ஆனால் மீனவரின் அம்பாப் பாட்டையும் திரைப்பாட்டையும் ஒரே கரையின் தொடர்ந்த குரலாக வைத்துக் கேட்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. ஒரு துறை முடியும் இடத்தில் மற்றது தொடங்குவதால், இடையில் நடந்த மாற்றம் இரண்டின் கண்ணிலும் படாமல் போகிறது.

அம்பாவிலிருந்து தொடங்கலாம். கரைவலை இழுக்கும்போதும் மரம் தள்ளும்போதும் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏலேலோ என்றும் ஐலசா என்றும் திருப்பிச் சொல்லும் பாட்டு அது. கைகள் ஒரே நொடியில் இழுக்க வேண்டும் என்பதே அதன் தாளத்தின் பிறப்பு. அந்தப் பாட்டில் விளிக்கப்படுகிறவர்கள் பலர்: மாதா, முருகன், கடல், காற்று, வீட்டில் இருப்பவள், பக்கத்தில் இழுக்கிறவன். எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். தெய்வமும் அந்தத் தூரத்தில்தான். முத்துக்குளித்தலிலும் இதே உறவு வேறு வடிவில் இருந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு கடலடி முத்துப்பாருக்கு இறங்கும் குளியாளி ஒரு நிமிடம் அளவுக்குத்தான் மூச்சைப் பிடிக்க முடியும். கீழே பேச்சில்லை, கயிற்றை அசைப்பதுதான் சொல். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம் கொடுப்பார்கள் என்பது கரையில் நெடுநாள் வழங்கும் செய்தி; தங்கையின் தாலி அவன் கையில் இருப்பதால். சுறாவின் வாயைக் கட்டுவதற்குக் கடல்கட்டி என்று ஒருவரும் இருந்தார். மேலே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அங்கே வெறும் ஆறுதலாக இருக்கவில்லை, தொழிலே அதன்மேல்தான் நடந்தது. அந்தத் தலைமுறைகளின் பாட்டு அருகில் இருப்பவரையே விளித்தது. தொலைவில் இருந்து ஆள்பவரை விளிக்கவில்லை. அதை அடிமை மனம் என்று படிப்பது அவசரம். வலையின் மறுமுனையில் இல்லாத ஒருவரைக் கூப்பிட அந்தத் தொழிலில் இடமில்லை என்பதுதான் நேர்.

ஆள்பவரை விளிக்கும் பாட்டு 1908-ல் வருகிறது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1908 தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்தினார். மார்ச்சில் இருவரும் கைதானார்கள். அப்போது பாரதி எழுதியவற்றுள் ஒரு ஜோடிப் பாட்டு நம் கேள்விக்கு நேரான சான்று. ஒன்றில் கலெக்டர் விஞ்சு சிதம்பரம் பிள்ளையைப் பார்த்துப் பேசுகிறார். மற்றதில் சிதம்பரம் பிள்ளை மறுமொழி சொல்கிறார். அரசு அதிகாரியின் கோபத்தையே பாட்டாக்கி, அதற்கு முகத்துக்கு நேராகப் பதில் சொல்ல வைத்தது அன்றைக்குப் புதுத் துணிவு. சுயராஜ்யம் கேட்கும் இந்தியனை ஆங்கிலேய அதிகாரி ஏசும் இன்னொரு பாட்டுக்கு, பண்ணையார் நந்தனை ஏசும் கீர்த்தனையின் வர்ணமெட்டையே பாரதி எடுத்துக்கொண்டார். கேட்டவர் காதில் பழைய பண்ணையாரும் புதிய துரையும் ஒரே மெட்டில் ஒன்றாயினர். துறைமுகத்துக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்தெடுத்த நாடக மேடையும் இந்த வேலையைத் தொடர்ந்தது. வள்ளி திருமணத்தில் வேலனாக நின்று நாடக நடிகர் விஸ்வநாததாஸ் வெள்ளைக் கொக்கைப் பாடியபோது, பாட்டின் படர்க்கையில் இருந்தது பறவை, குறி துரை, முன்னிலையில் இருந்தவர் கொட்டகை நிறைந்த மக்கள். போலீசும் அப்படித்தான் புரிந்துகொண்டது. அவர் பலமுறை சிறை சென்றார். ஒரு தலைமுறை, ஆட்சிக்குக் காது உண்டு, அந்தக் காதைச் சுடவும் முடியும் என்று நம்பத் தொடங்கியதை இந்தப் பாடல்களில் கேட்கிறோம்.

அடுத்த திருப்பத்துக்கு 1961-ஐ அடையாளமாக வைக்கலாம். 1955 முதல் ஆண்டுதோறும் நடந்த தூத்துக்குடி முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அந்த ஆண்டோடு நின்றது, பிறகு நடக்கவில்லை. அதே ஆண்டில் பி.ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' பாரதி பாடல்களை ஜி. ராமநாதன் இசையில் திரைக்குக் கொண்டுவந்தது. துரையை நோக்கி எழுதப்பட்ட பாட்டு, துரை போன பிறகு, நினைவுகூரலாக மாறியது. மூன்று ஆண்டு கழித்து, 1964-ல், நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்க'ளை அச்சில் கொண்டுவந்தார். அதே ஆண்டில் வாலியின் பாடல்களோடு 'படகோட்டி' வந்தது. அதில் மீனவராக எம்.ஜி.ஆர். பாடும் பாடல்களைக் கவனித்தால், முன்னிலை எவ்வளவு மாறிவிட்டது என்று தெரியும். பாடுகிறவர் 'நாங்கள்' என்கிறார். இறைவனோ 'அவன்' ஆகிவிட்டான். படைத்தவன், கொடுத்தவன் என்று படர்க்கையில் பேசப்படுகிறான். அம்பாவில் கூப்பிடு தூரத்தில் இருந்த தெய்வம் இங்கே வழக்கின் சாட்சியாகத் தள்ளி நிற்கிறது. அப்படியானால் முறையீடு யாரிடம்? இருட்டில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளரிடம், அதாவது வாக்காளரிடம். மூன்று ஆண்டில் ஆட்சி மாறியது. 1977-ல், எம்.ஜி.ஆர். முதலமைச்சரான ஆண்டில், 'மீனவ நண்பன்' வந்தது. இரண்டு படத் தலைப்புகளை அடுத்தடுத்து வைத்தாலே போதும்: முதலில் மீனவர் தாமே நாயகர், பிறகு மீனவருக்கு நண்பர் ஒருவர் நாயகர். தன்மையில் பேசிய மக்கள் படர்க்கைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். திரைப்பாட்டைச் சென்னையில் யாரோ எழுதி, யாரோ பாடி, வியாபாரமாக விற்கிறார்கள். தூத்துக்குடி வள்ளத்தில் போகிறவரின் மனத்தை அதில் எப்படித் தேடுவது? மறுப்பில் பாதி உண்மை. திரைப்பாட்டிலிருந்து மீனவர் வாழ்க்கையை அப்படியே எடுத்துவிட முடியாது. மீன்பாடு, கடன், ஏலம் பற்றி அது சொல்வது சொற்பம். ஆனால் பாரதியும் மீனவர் அல்லர், அம்பாவின் வேண்டுதல்களிலும் கோயில் கற்பித்த சொற்கள் கலந்திருக்கின்றன. முற்றிலும் உள்ளிருந்தே ஊறிய பாட்டு எந்தக் காலத்திலும் அரிது. எழுதியவர் யாரானாலும், மீனவர் ஒருவர் யாரிடம் பேசினால் கேட்பவர் நம்புவார் என்பதை அவர் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானம் தவறினால் பாட்டு நிற்பதில்லை. அறுபது ஆண்டாக அந்தப் பாடல்கள் நிற்கின்றன என்றால், அந்த முறையீடு சரியான முகவரிக்குப் போகிறது என்று ஒரு தலைமுறை ஒப்புக்கொண்டது என்றே பொருள். சந்தையின் கணிப்பும், கேட்பவரின் ஏற்பும் சேர்ந்த இடத்தில்தான் வெகுசனப் பாட்டின் சாட்சியம் இருக்கிறது.

1974-ல் தூத்துக்குடி பெருந்துறைமுகமானது. அதற்கு முந்தைய ஆண்டில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சியாளர்கள் இங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கியிருந்தார்கள். விசைப்படகும் செயற்கை இழை வலையும் பரவின. ஆவிக்கப்பல் வந்ததும் ஐரோப்பியப் பாய்மரக் கப்பல்களின் வேலைப்பாட்டு மறைந்ததுபோல, இழுவையை இயந்திரம் எடுத்துக்கொண்ட இடத்தில் அம்பா வேலையிழந்தது. அந்த வெற்றிடத்தை வானொலி நிரப்பியது. இலங்கை வானொலி இந்தக் கரைக்கு அடுத்த வீட்டுக் குரல். அதே 1970-களில் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' பாக்கு நீரிணையைத் தாண்டி வந்தது. போர்த்துக்கீசியர் விட்டுப்போன பைலா தாளத்தில், சிங்களமும் தமிழும் கலந்து, மீன் கொண்டுவந்த சேதியை ஒரு பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்துச் சொல்லும் பாட்டு. பின்னர் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) இரண்டும் தென்கடற்கரையின் தேவாலயமும் மணலும் பாறையும் இளையராஜா இசையில் திரையை நிறைக்கும்படி செய்தன. அவற்றில் முன்னிலை ஒருவரே: காதலிக்கப்படுபவர். கடலிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அது பின்னால் இரைந்துகொண்டிருக்கிறது. இதை ஊர் மறந்த தலைமுறை என்று கண்டிப்பது எளிது. ஆனால் சாதியும் மதமும் ஊர்ப் பெரியவரும் தீர்மானித்த வாழ்வில், 'நான் உன்னிடம் பேசுகிறேன்' என்று ஒருவர் மட்டும் ஒருவரிடம் சொல்ல முடிந்ததும் உரிமைதான். 'அலைகள் ஓய்வதில்லை'யின் முடிவில் சிலுவையும் பூணூலும் கழற்றப்படுவதை அந்த முன்னிலையின் விலையாகவே படிக்க வேண்டும்.

புதிய நூற்றாண்டில் விளி திரும்பவும் அருகே வருகிறது. ஊர்ப் பெயரையே தலைப்பாகக் கொண்ட 2006-ஆம் ஆண்டின் 'தூத்துக்குடி' படத்தில் அதிகம் பரவிய பாட்டு, கருத்த பையன் ஒருவனை நிறத்தைச் சொல்லியே கொஞ்சி அழைக்கிறது. மணப்பாட்டுக் கரையில் எடுத்த மணிரத்னத்தின் 'கடல்' (2013) படத்துக்காக மதன் கார்க்கி எழுதி ஏ.ஆர். ரகுமான் பாடிய பாட்டின் பெயர் 'ஏலே கீச்சான்'. கீச்சான் என்பது மீன். ஏலே என்பது இந்த மாவட்டத்துக்காரர் கூட்டாளியைக் கூப்பிடும் சொல். பண்டிதரோ பாடநூலோ இடம்கொடுக்காத விளி, கோடிக்கணக்கானோர் கேட்கும் பாட்டின் தலைவாசலில் நின்றது. 2021-ல் பாடகர்கள் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' இதை மேலும் எடுத்துச் சென்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய, அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து பிறந்த அந்தப் பாட்டு, ஒப்பாரியின் சாயலில் முன்னோரையும் பேரப்பிள்ளையையும் ஒருசேர அழைக்கிறது. தோட்டங்களுக்குப் பெயர்ந்த தமிழரின் வழிகளில் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் பாதையும் ஒன்று என்பதால், இந்தக் கரைக்கும் அது அந்நியமல்ல. இவற்றில் அரசனும் இல்லை, மீட்பரும் இல்லை. தம்மைத் தாமே கூப்பிட்டுக்கொள்ளும் ஒரு தலைமுறை, தன் சொல்லுக்கு முதல் காது தன் ஆட்களே என்று நம்புகிறது.

தலைமுறை என்பது ஒரே குரல் அல்லவே என்பது இன்னொரு மறுப்பு. ஆகஸ்டு 5-ல் பனிமய மாதா திருவிழாவில் அதே இளைஞர்கள் மாதாவை 'நீ' என்றுதான் பாடுகிறார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களிடம் வேறொரு வரலாற்றோடு வாழ்கின்றன. இந்த மறுப்பை ஏற்கிறேன். ஏற்பதால் வாதம் கூர்மைதான் பெறுகிறது. பழைய முன்னிலைகள் சாவதில்லை; வேறு இடத்துக்கு ஒதுங்குகின்றன. தெய்வம் தொழிலிடத்திலிருந்து திருவிழாவுக்குப் போனது. ஆள்பவர் பாட்டிலிருந்து முழக்கத்துக்குப் போனார். 2018 மே மாதம், ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊரில், அரசை நோக்கிய குரல் இல்லை என்று யார் சொல்ல முடியும்? எந்த முன்னிலை எல்லோர் வாயிலும் ஏறியது, எது ஒரு மூலைக்குச் சென்றது என்பதைக் கவனிப்பதே நம் வேலை. கடலுக்குப் போனவருக்காகக் காத்திருந்த பெண்களின் ஒப்பாரி, திரும்பி வராதவரையே 'நீ' என்கிறது. 'எஞ்சாயி எஞ்சாமி' போன்ற வெகுசனப் பாட்டு அந்த விளியை இவ்வளவு காலம் கழித்துத் தொட்டிருப்பது, இத்தனை நாள் எந்தக் குரல்கள் கணக்கில் சேரவில்லை என்பதற்கும் சான்று.

ஆகவே இனி செய்ய வேண்டியது சொற்களை மட்டும் தொகுப்பதல்ல. யார், எந்த வேலையில், யாரைப் பார்த்துப் பாடினார்கள், யார் பதில் குரல் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும். அச்சில் நிற்கும் அம்பாவில் எடுத்துக் கொடுத்தவரின் குரல் இருக்கிறது. ஏலேலோ சொன்னவர்கள் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டார்கள். கடைசிச் சலாபத்தில் இருபது வயதில் இறங்கிய குளியாளி இன்று இருந்தால் எண்பதைக் கடந்தவர். அவருக்காகக் கயிற்றைப் பிடித்திருந்த மைத்துனரும் அப்படியே. நாட்டார் வழக்காற்றியலுக்குப் பெயர்பெற்ற பாளையங்கோட்டையும், தூத்துக்குடிக் கல்லூரிகளும் இந்தக் கரையிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அந்த முதியவர்கள் யாரைக் கூப்பிட்டுப் பாடினார்கள் என்று இப்போதே அவர்களிடம் போய்க் கேட்டாக வேண்டும். அவர்கள் போன பிறகு சொற்கள் மிஞ்சலாம். அவை யாருக்குச் சொல்லப்பட்டவை என்று நமக்குச் சொல்ல ஆள் இருக்காது.