மனித உரிமைகள் பேரவையின் இடப்பங்கீடு: நிறையும் குறையும்

ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 47 நாடுகள் உறுப்பினர்களாக இருக்கின்றன. 2006 மார்ச் 15இல் பொதுச் சபை நிறைவேற்றிய 60/251ஆம் தீர்மானம் இந்த இடங்களை ஐந்து வட்டாரக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஆப்பிரிக்காவுக்கு 13, ஆசிய-பசிபிக் குழுவுக்கு 13, லத்தீன் அமெரிக்க, கரீபியன் நாடுகளுக்கு 8, மேற்கு ஐரோப்பாவையும் அதனுடன் சேர்ந்த பிற நாடுகளையும் கொண்ட குழுவுக்கு 7, கிழக்கு ஐரோப்பாவுக்கு 6. பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் எந்த நாடும் அமர முடியாது. எந்தக் குழுவை எடுத்துக் கணக்குப் பார்த்தாலும் ஏறக்குறைய நான்கு நாடுகளுக்கு ஓர் இடம் என்று வருகிறது. பேரவைக்கு முன்பிருந்த மனித உரிமைகள் ஆணையத்தின் 53 இடங்களில் ஆசியாவுக்கு 12தான் இருந்தன. நாடுகளின் எண்ணிக்கையில் ஆசியாவின் பாதியளவே உள்ள மேற்குக் குழு நாடுகள் 10 இடங்களை வைத்திருந்தன. அரசுகளின் எண்ணிக்கையே அளவுகோல் என்றால் இன்றைய பங்கீட்டைக் குறை சொல்ல அதிகம் இல்லை.

இப்படி வட்டாரவாரியாகப் பிரிப்பது எதற்கு என்ற கேள்விக்கு ஆணையத்தின் வரலாறே விடை தருகிறது. 1947இல் 18 உறுப்பினர்களுடன் அது கூடியபோது ஆப்பிரிக்காவிலிருந்து எகிப்து மட்டுமே இருந்தது. சஹாராவுக்குத் தெற்கே வாழ்ந்த மக்களில் பெரும்பாலோர் அன்று ஐரோப்பியர்களின் குடியேற்ற ஆட்சியில் இருந்தார்கள். அவர்கள் சார்பில் பேச அந்த மேசையில் யாரும் இல்லை. அந்த ஆண்டே ஆணையம் தனக்கு வரும் மனித உரிமைப் புகார்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அறிவித்துவிட்டது. இருபது ஆண்டுகள் அந்த நிலைப்பாடு அசையவில்லை. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் உள்ளே வந்து, உறுப்பினர் எண்ணிக்கை 32ஆக உயர்ந்த 1967இல்தான் அது உடைந்தது. தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியை எடுத்துக்காட்டாகச் சொல்லி, கடுமையான உரிமை மீறல்களை ஆணையம் ஆராயலாம் என்று பொருளாதார சமூக மன்றத்தின் 1235ஆம் தீர்மானம் வழி திறந்தது. அடுத்து 1975இல் சிலியின் ராணுவ ஆட்சியை விசாரிக்கப் பணிக்குழு அமைந்தது. ஒரு நாட்டுக்குள் நடப்பதை வெளியிலிருந்து கேள்வி கேட்கலாம் என்ற இன்றைய நடைமுறையை மேற்கு நாடுகள் அளித்த கொடையாகக் கருதுவோர் உண்டு. அது தவறான எண்ணம். அந்த உரிமையை வாதாடிப் பெற்றுத் தந்தவை புதிதாக உள்ளே வந்த நாடுகளே.

பேரவையின் காலத்திலும் இதே பலன் தெரிகிறது. தூய்மையான, நலமான சுற்றுச்சூழலில் வாழ்வது மனித உரிமை என்று 2021 அக்டோபர் 8இல் பேரவை அங்கீகரித்தது. அந்தத் தீர்மானத்தை முன்னெடுத்தவை கோஸ்டாரிகா, மாலத்தீவு, மொராக்கோ, ஸ்லோவேனியா, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள். ஐந்தும் ஐந்து வெவ்வேறு வட்டாரங்களைச் சேர்ந்தவை. 43 நாடுகள் ஆதரித்தன, எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லை. இந்தியா, சீனா, ஜப்பான், ரஷ்யா ஆகிய நான்கு பெரிய நாடுகள் மட்டும் ஒதுங்கி நின்றன. மார்ஷல் தீவுகளின் கதை இன்னும் அழுத்தமானது. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அங்கே 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. சென்னையின் ஒரு வார்டு அளவே மக்கள்தொகை கொண்ட அந்த நாடு 2020இல் பேரவையில் அமர்ந்தது. சோதனைகள் விட்டுச்சென்ற உரிமைப் பாதிப்புகளைக் களைய உதவி கோரும் தீர்மானத்தைப் பசிபிக் நாடுகள் கொண்டுவர, 2022 அக்டோபரில் பேரவை வாக்கெடுப்பின்றியே அதை ஏற்றது. பெரிய நாடுகள் மட்டும் உட்காரும் அவையில் இந்தப் பொருள் பட்டியலுக்கே வந்திருக்காது.

ஆகவே பங்கீடு சரி. கோளாறு இருப்பது, பங்கிட்ட இடத்தை நிரப்பும் முறையில்தான். 60/251ஆம் தீர்மானத்தின்படி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியது 193 நாடுகள் கொண்ட பொதுச் சபை. ரகசிய வாக்கெடுப்பு, வட்டாரத்துக்கு ஒன்றாக ஐந்து வாக்குச்சீட்டுகள், வெல்லக் குறைந்தது 97 வாக்குகள் வேண்டும். வேட்பாளரின் மனித உரிமைப் பங்களிப்பையும் அவர் தரும் உறுதிமொழிகளையும் கருத்தில்கொண்டு வாக்களிக்க வேண்டும் என்றும் தீர்மானம் சொல்கிறது. ஆனால் வாக்கெடுப்புக்கு முன்பே வட்டாரக் குழு தனக்குள் பேசி முடித்து, எத்தனை இடமோ அத்தனை வேட்பாளர்களை மட்டும் நிறுத்திவிட்டால் பொதுச் சபைக்கு என்ன வேலை மிஞ்சுகிறது? 2018இலும் 2021இலும் ஐந்து வட்டாரங்களிலும் இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு முறையும் 18 இடங்கள், 18 வேட்பாளர்கள். அனைவரும் போட்டியின்றி உள்ளே வந்தார்கள்.

போட்டி இருந்தால் என்ன மாறும் என்பதை மூன்று தேர்தல்களின் வாக்குக் கணக்கு காட்டுகிறது. 2008இல் ஆசியாவின் நான்கு இடங்களுக்கு ஆறு நாடுகள் போட்டியிட்டன. உள்நாட்டுப் போர் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த இலங்கை, பேரவையில் தான் வகித்துவந்த இடத்தைத் தக்கவைக்க முயன்று 101 வாக்குகள் பெற்றது. ஜப்பான், பஹ்ரைன், தென்கொரியா, பாகிஸ்தான் அதைவிட அதிகம் பெற்றதால் இலங்கை தோற்றது. 2016இல் கிழக்கு ஐரோப்பாவின் இரண்டு இடங்களுக்கு மூன்று நாடுகள். சிரியாவின் அலெப்போ நகரில் குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில் ரஷ்யா 112 வாக்குகள் பெற்று, 114 பெற்ற குரோஷியாவிடம் இடத்தை இழந்தது. 2024இல் சவூதி அரேபியா 117 வாக்குகள் பெற்றும், 124 பெற்ற மார்ஷல் தீவுகளிடம் தோற்றது. மூன்று நாடுகளுமே 97ஐத் தாண்டியவை. தமக்கு மேலே வந்த வேட்பாளர்களில் ஒரே ஒரு பெயர் பட்டியலில் இல்லாதிருந்தால் மூன்றுமே பேரவையில் அமர்ந்திருக்கும். 97 என்ற வரம்பு தனியாக நின்று யாரையும் வடிகட்டுவதில்லை. பக்கத்தில் இன்னொரு வேட்பாளர் நிற்கும்போதுதான் வாக்களிக்கும் அரசு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஆப்பிரிக்க, ஆசியக் குழுக்களை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமல்ல. உரிமைகளைப் பற்றி அதிகம் பேசும் மேற்குக் குழுவும் இதையே செய்கிறது. 2009இல் அமெரிக்கா முதன்முறையாக வேட்பாளரானபோது நியூசிலாந்து விலகி வழிவிட்டது. மூன்று இடங்களுக்கு மூன்று நாடுகள் என்றாகிவிட்டது. 2012இல் அமெரிக்கா, ஜெர்மனி, அயர்லாந்து, கிரீஸ், சுவீடன் ஆகிய ஐந்து நாடுகள் உண்மையாக மோதியதுபோன்ற தேர்தல்கள் அக்குழுவில் அரிது.

ஆப்பிரிக்கக் குழுவின் வழக்கத்தில் இரு பக்கமும் உண்டு. வடக்கு, மேற்கு, மத்திய, கிழக்கு, தெற்கு என்று உள்வட்டாரங்களுக்கு முறைவைத்து இடங்களைச் சுழற்றுவதால் பெரிய நாடுகளின் ஆதிக்கம் குறைகிறது. தூதரகம் நடத்தவே சிரமப்படும் சிறிய நாட்டுக்கும் முறை வருகிறது. அதே முறைவரிசையில்தான் எரித்ரியா 2018இல் எதிர்ப்பின்றித் தேர்வானது. பேரவையே அமைத்த விசாரணை ஆணையம், அங்கு மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் நடந்ததாக நம்பப் போதிய காரணம் உண்டு என்று 2016இல் முடிவு சொல்லியிருந்தது. அந்நாட்டைக் கண்காணிக்கப் பேரவை நியமித்த சிறப்பு அறிக்கையாளரை உள்ளேயே விடாத அரசு, அதே பேரவையில் வாக்குரிமையுடன் அமர்ந்தது. எரித்ரியாவிலிருந்து தப்பி அண்டை நாடுகளின் முகாம்களில் வாழ்வோருக்கு, ஆப்பிரிக்காவின் பிரதிநிதித்துவம் அன்று நேர்மையாக நிறைவேறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

இங்கே குழு என்ற அலகையே சற்றுக் கிட்டே பார்க்க வேண்டியிருக்கிறது. ஆசிய-பசிபிக் குழு சைப்ரஸில் தொடங்கி, வளைகுடா, தெற்காசியா, சீனா, ஜப்பான் வழியாக துவாலு வரை நீள்கிறது. உலக மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாழும் இந்தப் பரப்புக்குப் பேரவையில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலான இடங்கள். அந்த இடங்களில் அமரும் நாடுகளும் ஒரே குரலில் பேசுவதில்லை. 2012 மார்ச்சில் இலங்கை குறித்த தீர்மானம் 24 ஆதரவு, 15 எதிர்ப்பு என்று நிறைவேறியபோது, ஆசியாவின் 13 உறுப்பினர்களில் ஆதரித்தது இந்தியா ஒன்றே. ஆப்பிரிக்காவிலிருந்து நைஜீரியா, பெனின், கேமரூன், மொரீஷியஸ், லிபியா ஆகிய ஐந்து நாடுகள் ஆதரித்தன. உள்நாட்டுப் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் உறவினரை இழந்தவர்களின் பக்கம் தொலைதூரத்துப் பெனின் நின்றது, அண்டையிலிருந்த வங்கதேசம் நிற்கவில்லை. வட்டாரப் பங்கீடு பார்வைகளின் பன்மையை உள்ளே கொண்டுவருகிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அருகில் இருப்பவரே அவர்களுக்காகப் பேசுவார் என்ற உத்தரவாதத்தை அது தருவதில்லை.

பேரவைக்கு வெளியே, மனித உரிமை உடன்படிக்கைகளை அரசுகள் பின்பற்றுகின்றனவா என்று கண்காணிக்கும் உடன்படிக்கைக் குழுக்களின் சிக்கல் வேறு வகையானது. அங்கே அமர்வோர் தனிப்பட்ட தகுதியில் தேர்வாகும் நிபுணர்கள். குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு 18 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கையில் நிலப்பரப்புச் சமநிலை, நாகரிகங்களின் வகை, சட்ட மரபுகள் ஆகியவற்றைக் கருத்தில்கொள்ளச் சொல்கிறது. எண்ணிக்கை எதையும் விதிக்கவில்லை. அதனால் மேற்கு நாட்டவர் தங்கள் பங்குக்கு மேலேயே அங்கு இருந்துவந்திருக்கிறார்கள். இதற்குப் பணமும் ஒரு காரணம். குழு உறுப்பினர்களுக்கான மதிப்பூதியத்தை 2002இல் பொதுச் சபை ஆண்டுக்கு ஒரு டாலராகக் குறைத்தது. பயணச் செலவும் தினப்படியும் மட்டுமே மிச்சம். வாரக்கணக்கில் ஜெனீவாவில் தங்க, சம்பளத்தோடு விடுப்புத் தரும் பல்கலைக்கழகம் பின்னால் இருக்க வேண்டும். தாக்காவிலோ லுசாகாவிலோ தொழில் நடத்தும் வழக்கறிஞருக்கு அது எளிதல்ல. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைக் குழுவில் மட்டும் 1985 முதல் 15 இடங்கள் வட்டாரங்களுக்குச் சமமாகவும், மீதி 3 இடங்கள் உறுப்பு நாடுகளின் பெருக்கத்தைப் பொறுத்தும் பகிரப்படுகின்றன. அந்த ஏற்பாடு நிபுணத்துவத்தைக் கெடுத்ததாகச் சொல்ல அக்குழுவின் பணியில் சான்று எதுவும் இல்லை; மற்றக் குழுக்களும் அதைப் பின்பற்றலாம்.

பேரவையைச் சீர்செய்ய 60/251ஆம் தீர்மானத்தைத் திருத்த வேண்டியதில்லை. அது வரையறுத்தது இடங்களின் எண்ணிக்கையையே, வேட்பாளர்களின் எண்ணிக்கையை அல்ல. வேட்பாளரை உள்ளுக்குள் பேசி முடிப்பது குழுக்கள் தாமாக வளர்த்த வழக்கம். அதை ஒரே ஒரு நாடு முறிக்க முடியும். 2019இல் தேர்தலுக்கு இரண்டு வாரமே இருந்தபோது, வெனிசுவேலா எதிர்ப்பின்றி நுழைவதைத் தடுக்கக் கோஸ்டாரிகா களத்தில் இறங்கியது. 105க்கு 96 என்று தோற்றது. மூன்று ஆண்டு கழித்து மறுபடி நின்றது, சிலியும் நின்றது. அந்த முறை வெனிசுவேலாவுக்குக் கிடைத்தது 88 வாக்குகள், கோஸ்டாரிகாவுக்கு 134. ஒவ்வொரு குழுவும் இடங்களைவிடக் குறைந்தது ஒரு வேட்பாளரையாவது கூடுதலாக நிறுத்தும் வழக்கத்தை ஏற்றால் இந்தத் துணிச்சல் விதிவிலக்காக இருக்க வேண்டியதில்லை. போட்டியே இல்லாத தேர்தலிலும் வாக்களிக்கும் அரசுக்கு ஒரு வழி மிச்சமிருக்கிறது: தகுதியற்றவரின் பெயரைச் சீட்டில் குறிக்காமல் விட்டுவிடலாம். 97 கிடைக்காவிட்டால் அந்த இடத்துக்கு மீண்டும் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும்; புதிய வேட்பாளர் வரவும் இடம் உண்டு.