விமானத்தையே தாங்கும் பாராசூட்

பீளமேட்டு ஓடுதளத்திலிருந்து ஒற்றை எஞ்சின் விமானமொன்றில் எழும்பி மேற்கே திரும்பினால், ஒருபுறம் நீலகிரியும் மறுபுறம் ஆனைமலையும் ஓங்கி நிற்க, இடையிலுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இரைந்து புகுவதை இருக்கையிலேயே உணரலாம். அம்மலைகளின் மேல் எஞ்சின் நின்றுவிடுமானால், இறங்குவதற்கு ஒரு சமதரை கிடையாது. கிழக்கே சூலூர், பல்லடம் பக்கத்து மானாவாரிக் காடுகள் ஒரு காலத்தில் விமானிக்கு ஆபத்பாந்தவனாக இருந்திருக்கும். இன்றோ அங்கே காற்றாலைகளும் தறிக்கூடங்களும் தென்னந்தோப்புகளும், இவற்றுக்கெல்லாம் குறுக்கே ஓடும் மின்கம்பிகளுமாக நிரம்பிவிட்டன. ஆகவே, சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்கள் விமானம் முழுவதையும் தாங்கி இறக்கக்கூடிய பாராசூட்டைப் பொருத்திக்கொள்வது அவசியமா என்னும் கேள்வி நம் கொங்கு நாட்டுக்குப் புறம்பானதன்று.

நான் பரீட்சித்துப் பார்த்தது நண்பர் ஒருவருடைய சிரஸ் எஸ்.ஆர்.22 விமானத்தில் உள்ள சாதனத்தை. சாமான் அறையின் பின்சுவரில் உள்ள மூடியைக் கழற்றியபோது, அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதியைப்போல் விரலுக்கு இடங்கொடாமல் இறுகியிருந்த ஒரு மூட்டையும், அதனருகில் திட எரிபொருள் அடைத்த சிறு ராக்கெட் ஒன்றும் தென்பட்டன. அந்த மூட்டைக்குள் சுமார் 55 அடி விட்டமுள்ள நைலான் குடை மடிந்து கிடக்கிறது. விமானிக்கும் அவர் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே, தலைக்கு மேலே கூரையில், சிவப்புக் கைப்பிடி. அதைத் தற்செயலாக எவரும் இழுத்துவிடாதபடி ஒரு பின். புறப்படுமுன் அந்தப் பின்னை உருவிவிட வேண்டும் என்பது விதி. கைப்பிடியை இழுப்பதற்கு ஏறக்குறைய 20 கிலோ பலம் வேண்டியிருக்கும் ஆதலால், இரு கைகளாலும் பற்றி, கிடைக்கம்பியில் தொங்குபவர் உடலை மேலே இழுப்பதுபோல இழுக்கச் சொல்கிறார்கள். இழுத்தவுடன் ராக்கெட் கூரை மூடியைப் பிய்த்துக்கொண்டு பாய்கிறது. விமானத்தின் தோலுக்கடியில் புதைத்து வைத்த பட்டைகள் மேற்பூச்சைக் கிழித்துக்கொண்டு வெளிவருகின்றன. குடை ஒரே அடியாக விரிந்து அறுந்துபோகாதபடி ஒரு வளையம் கயிறுகளின் வழியே மெல்லச் சறுக்கி அதன் விரிவை நிதானப்படுத்துகிறது. முதலில் மூக்குத் தாழ்ந்து தொங்கும் விமானம், சில விநாடிகளில் பின்பட்டை நீண்டு, சமநிலைக்கு வருகிறது. அதன்பின் நிமிஷத்துக்குச் சுமார் 1,700 அடி வேகத்தில் இறங்கித் தரையில் மோதும். ஒரு 12 அடி உயரத்திலிருந்து கீழே போட்டால் உண்டாகும் அடிக்கு அது சமானம். சக்கரக் கால்களும், நசுங்குவதற்கென்றே அமைந்த இருக்கையின் அடிப்பாகமும் அந்த அடியை ஏற்றுக்கொள்கின்றன. விமானம் பாழாகலாம், உள்ளிருப்பவர்கள் பிழைக்கிறார்கள்.

இந்த யோசனை மரணத்தின் விளிம்பைத் தொட்டுவந்தவர்களிடமிருந்தே பிறந்தது. போரிஸ் போபோவ் என்பவர் 1975-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், தாம் பறந்த ஹாங் கிளைடர் நொறுங்கி நூற்றுக்கணக்கான அடி உயரத்திலிருந்து ஏரியில் விழுந்து உயிர்தப்பி, 1980-ல் இச்சாதனத்தைச் செய்யும் பி.ஆர்.எஸ். நிறுவனத்தை ஏற்படுத்தினார். சிரஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த சகோதரர்களுள் ஒருவரான ஆலன் கிளாப்மையர், 1985-ல் ஆகாயத்தில் வேறொரு விமானத்தோடு மோதி, சேதமுற்ற இறக்கையோடு தரைசேர்ந்தார். மற்ற விமானி மாண்டார். 1998-ல் சான்று பெற்ற சிரஸ் விமானத்தில் பாராசூட் பிற்சேர்க்கையாக அல்லாமல் உடன்பிறந்த உறுப்பாகவே அமைந்தது. 2002 அக்டோபரில் டெக்ஸாஸில், பழுது பார்த்தபின் இறக்கையின் ஏலரான் என்னும் மடல் கழன்று தொங்கிய விமானமொன்றை முதன்முதலாக அது காத்தது. அன்றிலிருந்து சிரஸ் விமானங்களில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் காத்திருக்கிறது.

ஆயினும் ஒரு விஷயத்தை மறைப்பது தர்மமாகாது. முதல் பத்தாண்டுகளில் பாராசூட் உடைய இவ்விமானங்களின் மரண விபத்து விகிதம் மற்றச் சிறு விமானங்களைவிடக் குறைந்துவிடவில்லை. கைப்பிடி தலைக்கு மேலேயே இருக்க, அதை இழுக்காமலே மாண்டவர்கள் பலர். மேகத்துக்குள் நிலைதடுமாறிய விமானி, இன்னும் ஒரு கணம், இன்னும் ஒரு முயற்சி என்று விமானத்தோடு போராடியபடியே தரையில் மோதினார். சிரஸ் உரிமையாளர் சங்கமும் நிறுவனமும் சேர்ந்து, எப்போது இழுக்க வேண்டும் என்பதையே பாடமாக்கித் திரும்பத் திரும்பப் பயிற்றத் தொடங்கிய பின்னரே சாவு குறைந்தது. எனவே பாராசூட்டை விலைக்கு வாங்கிவிட்டு அந்தப் பழக்கத்தை வாங்காதவர் சுமையைத்தான் ஏற்றிக்கொண்டு திரிகிறார் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நண்பர் அந்தப் பழக்கத்தை உடையவர். சக்கரம் தரையை விட்டதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார்; தரைக்கு மேல் 600 அடி ஆனதும் "பாராசூட்" என்று வாய்விட்டுச் சொன்னார். அதற்குக் கீழே குடை விரிய அவகாசமில்லை; சமமாகப் பறக்கையில் 400 முதல் 600 அடி வரையும், சுழன்று விழுகையில் 900 முதல் 1,100 அடி வரையும் உயரம் செலவாகும். புறப்படுமுன் என்னிடம் அவர் சொன்னது: "எனக்கு மயக்கம் வந்துட்டா யோசிக்காதீங்க. இந்தச் சிவப்பு லீவரப் பின்னால இழுத்து எஞ்சின நிறுத்திப்போட்டு, மேல இருக்கறத ரெண்டு கையாலயும் இழுத்துப்போடுங்க." விமானம் ஓட்டத் தெரியாத மனைவி மக்களுக்கும் பிழைக்க ஒரு வழி உண்டு என்பது ஒன்றே இச்சாதனத்தை ஆதரிக்கப் போதும்.

ஆனால் தாழ்ந்த உயரத்தில் இச்சாதனத்தால் பயனில்லை. உதாரணமாக, நம் விமானப் படைக்கும் கடற்படைக்கும் என்.சி.சி.க்குமாக 2015-ல் ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் நிறுவனத்திடம் 194 சிறு விமானங்கள் கேட்கப்பட்டன. பாராசூட் பொருத்தப்படும் வகை அது. 2020 பிப்ரவரியில் பட்டியாலாவில் அவ்வகையில் ஒன்று எழும்பிய சிறிது நேரத்திலேயே விழுந்து அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். எழும்பிய உடனேயான தாழ்ந்த உயரத்தில் குடை விரிந்து உதவ அவகாசம் இருப்பது அரிது. தென்மேற்கு நோக்கிப் புறப்பட்டவுடனே நகரத்தின் கூரைகள் வந்துவிடும் கோவையில், முதல் அரை நிமிஷத்துக்கு விமானியின் கையே கதி.

நம் ஊருக்கே உரிய சங்கடம் காற்று. குடையின்கீழ் தொங்கும் விமானத்தைத் திருப்ப இயலாது. ஆடிக் காற்றில் 2,000 அடியில் இழுத்தவர், அது தள்ளும் திசையில் அரை மைலுக்கு மேலும் மிதந்து காற்றாலையின் மீதோ உயர் அழுத்தக் கம்பியின் மீதோ இறங்கக்கூடும். தரைதொட்ட பின்னும் குடை காற்றை ஏந்தி விமானத்தை இழுத்துச் செல்லும். ஆனி முதல் ஆவணி வரை, உடுமலைப் பக்கம் வயல் வெளியாக இருக்குமானால், நான் முதலில் வயலில் இறங்கவே முயலச் சொல்வேன். மலைமேல் என்றாலும், இரவென்றாலும், கட்டுப்பாடு கைவிட்டுப் போயிற்று என்றாலும் மாற்று யோசனைக்கு இடமில்லை. வேகம் மணிக்கு 133 கடல் மைலுக்குள் இருக்கும்போதே இழுத்துவிட வேண்டும்.

பழைய செஸ்னா 172 வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. அதற்கும் 2002 முதல் அமெரிக்க அங்கீகாரம் பெற்ற பாராசூட் உண்டு; ஆனால் அது 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையும், சாமான் அறையில் பெரும்பாகமும் கொள்ளும். பத்தாண்டுக்கு ஒருமுறை குடையை மறுபடி மடித்துக் கட்ட நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். ராக்கெட் வெடிபொருள் ஆகையால், விமானத் துறை அனுமதியோடு வெடிபொருள் சட்டத்தின் அனுமதியும் தேவைப்படும். தனியே விமான நிலையத்தைச் சுற்றிவந்து இறங்குபவருக்கு இச்செலவு அதிகம். குடும்பத்தோடு கணவாயைத் தாண்டிக் கொச்சிக்குப் போய்வருபவர் தயங்கக் கூடாது.

பொருத்துகிறவர்கள் இன்னொரு கடமையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். விழுந்த விமானத்தில் வெடிக்காத ராக்கெட் இருந்தால், காப்பாற்ற ஓடிவரும் தீயணைப்பு வீரரையும் விவசாயியையும் அது கொன்றுவிடக்கூடும். எங்கே அது பாயும், எந்தப் பக்கம் நிற்கக் கூடாது, எந்தக் கம்பியை அறுக்கக் கூடாது என்பதைச் சூலூர், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் தீயணைப்பு நிலையங்களுக்கு உரிமையாளரே விமானத்தின் படத்தோடு நேரில் போய் விளக்கிவர வேண்டும். என் நண்பர் அதை இந்த மாதத்திலேயே தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.