எச்சமும் தொழிற்பெயரும்: ஒரு நிகராக்கத்தின் போதாமை

தமிழ்வழி ஆங்கிலம் கற்பிப்போரிடையே இன்ஃபினிடிவ் என்பதைச் செயவெனெச்சமாகவும், ஜெரண்ட் என்பதைத் தொழிற்பெயராகவும் நிகராக்கும் வழக்கம் உண்டு. இந்நிகராக்கம் ஓரளவே பொருந்துவதாகும்.

‘புகைபிடிக்க நின்றான்’ என்பது நோக்கத்தையும், ‘புகைபிடிப்பதை நிறுத்தினான்’ என்பது கைவிட்ட செயலையும் உணர்த்துகின்றன. ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்’ என்னும் வினை ‘டு ஸ்மோக்’, ‘ஸ்மோக்கிங்’ ஆகிய இரண்டனையும் ஏற்று இதே வேறுபாட்டைக் காட்டுகின்றது. இங்கு நிகராக்கம் பிழைபடவில்லை.

ஆயின், ‘எழுதி முடித்தான்’ என்னுமிடத்துத் தமிழ் செய்தெனெச்சத்தை ஆள்கின்றது. ஆங்கிலத்தின் ‘ஃபினிஷ்’ என்னும் வினையோ ‘ரைட்டிங்’ என்னும் ஜெரண்டையே வேண்டுகின்றது. ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்பதில் செயவெனெச்சம் தனக்கெனத் தனி எழுவாய் கொண்டு காரணப்பொருளில் வருகின்றது. இதனை ஆங்கில இன்ஃபினிடிவால் பெயர்த்தல் இயலாது. மேலும், ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதிலுள்ள ‘டு’ இன்ஃபினிடிவின் அடையாளமன்று, அது முன்னிடைச்சொல். ஆதலின் அதன்பின் ‘மீட்’ வாராது, ‘மீட்டிங்’ என்பதே வரும். ‘சந்திக்க’ என்னும் எச்சத்தை மனத்திற்கொண்டு எழுதும் மாணவர் தவறுவது இங்கேதான்.

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளை ஒன்பதாக வகுத்துக் காட்டினார். அத்தகைய பகுப்பு மரபுடைய மொழியின் எச்சங்களை அயல்மொழியின் இரு பெயர்களுக்குள் அடக்க முயல்வது இரு மொழிக்கும் பொருந்தாது.

எனவே, கலைச்சொற்களை நிகராக்குவதினும், ஒவ்வோர் ஆங்கில வினையையும் அது ஏற்கும் வடிவத்தோடு சேர்த்துத் தொடராகக் கற்பித்தலே தக்கது. மாணவர்தம் பிழைக்குக் காரணம் தாய்மொழி அன்று. அதன்மேல் ஏற்றப்பட்ட நிகராக்கமே எனலாம்.