நந்தவனமும் நாயனமும் ஆலையும்: சிவாஜியின் 1968

சிவாஜி கணேசனின் உச்ச ஆண்டு எது என்று பேச்செடுத்தால் சிலர் 1961 என்பார்கள், சிலர் 1964 என்பார்கள். பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும், கப்பலோட்டிய தமிழன் ஆகியவை 1961இல் வந்தன. கர்ணன், கை கொடுத்த தெய்வம், புதிய பறவை, நவராத்திரி ஆகியவை 1964இல் வந்தன. படங்களின் வரிசையை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு ஆண்டுகளையும் அசைக்க முடியாது. நடிப்பை மட்டும் தனியே எடுத்து எடை போட்டால் 1968தான் முன்னால் நிற்கும் என்பது என் கட்சி. அந்த ஆண்டு பிப்ரவரியில் திருமால் பெருமையும் ஜூலையில் தில்லானா மோகனாம்பாளும் நவம்பரில் உயர்ந்த மனிதனும் வந்தன. பின்னவை இரண்டையும் எல்லோரும் கொண்டாடுகிறோம். முதல் படத்தை, அதிலும் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் விஷ்ணுசித்தராக வரும் பகுதியை, பத்தோடு பதினொன்றாக ஒரு பக்திப் படம் என்று ஒதுக்கிவிட்டோம். எனக்கோ 1968இன் முதல் சாட்சி அந்தப் பகுதிதான்.

விஷ்ணுசித்தரின் மகள் கோதை சூடிக் களைந்த மாலை இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சித்திரையில் அழகருக்கும் புரட்டாசியில் திருப்பதிக்கும் போகிறது. அப்படிப்பட்ட ஊருக்குக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கதை தெரிந்த கூட்டத்தின் முன் நடிகனுக்கு மிஞ்சுவது மனநிலை ஒன்றுதான். விஷ்ணுசித்தர் வேடத்தில் அது கடினமான வேலை. ஊர்ப் பெருமாளான வடபத்ரசாயிக்கென்று கட்டிய மாலையில் ஒரு முடியைக் காணும் பக்தன் பதற வேண்டும். அதே கணத்தில், சூடியவள் துளசியடியில் கிடைத்த தன் செல்லமகள் என்பதால் தகப்பன் தடுமாற வேண்டும். பெருமாளே அந்த மாலையைத்தான் கேட்கிறார் என்று தெரிந்ததும் பக்தன் மகிழ்கிறான். தகப்பனுக்கோ மகள் இனித் தன்னுடையவள் அல்ல என்பது அப்போதே விளங்கிவிடுகிறது. பெரியாழ்வார் என்று போற்றப்படும் விஷ்ணுசித்தர் தம் பாசுரங்களில் யசோதையாகிக் கண்ணனைத் தாலாட்டியவர். திருமாலோடு போய்விட்ட மகளை எண்ணி ஏங்கும் தாயாகவும் பாடியவர். அந்த வேடத்துக்குத் தாய்மை வேண்டும். அப்போது நாற்பது வயதுகூட நிரம்பாத சிவாஜி அதைக் கொண்டுவந்தார். இயக்குநர் ஏ. பி. நாகராஜன் அதே படத்தில் அவருக்கு விப்ரநாராயணர் வேடத்தையும் கொடுத்தார். தொண்டரடிப்பொடியாழ்வாரான அவரும் நந்தவனம் வைத்து அரங்கனுக்குப் பூத்தொடுத்தவர். செய்யும் கைங்கரியம் ஒன்று, நடிகர் ஒருவர். விப்ரநாராயணர் தேவதேவி என்ற கணிகையிடம் தன்னையே இழக்கிறார். விஷ்ணுசித்தர் அரங்கனிடம் மகளை இழக்கிறார். இந்த இரண்டு இழப்புகளையும் ஒரே படத்தில் வேறுபடுத்திக் காட்டியதுதான் சாதனை. மூன்றாவதான திருமங்கையாழ்வார் வேடத்தில் மிடுக்கு உண்டு, இந்த ஆழம் இல்லை.

மிகை நடிப்பு என்ற பழைய குற்றச்சாட்டு இங்கே வரும். அதை வைப்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் அரையர் சேவையை ஒருமுறை பார்க்க வேண்டும். அரையர் குல்லாய் அணிந்து, கையில் தாளமேந்தி, பாசுரத்தை இசைத்து அபிநயமும் பிடிக்கிறார். முத்துக்குறி என்ற அபிநயத்தில் தாயும் அவரே, மகளும் அவரே, குறி சொல்லும் கட்டுவிச்சியும் அவரே. பாசுரத்தை உடம்பில் ஏற்றிக் காட்டுவதற்கு இந்த மண்ணில் ஓர் இலக்கணம் இருக்கிறது. சிவாஜி பாய்ஸ் கம்பெனியிலும் நாகராஜன் டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவிலும் சிறுவயதிலேயே மேடையேறியவர்கள். ஆழ்வார் கதையை அவர்கள் பேச்சுவழக்கின் தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தால்தான் பிசகு. முந்தைய ஆண்டு வந்த திருவருட்செல்வரின் அப்பரை விடவா இது என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. அப்பர் துறவி, அங்கே முதுமையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. விஷ்ணுசித்தர் வீடும் மகளும் உள்ளவர். ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். படத்தில் ஊர் இல்லை. பதினொரு நிலை ராஜகோபுரம் நிழல் தரும் தெருக்களின் வாசனை அரங்க அமைப்புகளில் ஏறவில்லை.

ஐந்தே மாதத்தில் அதே இயக்குநரிடம் அவர் தில்லானா மோகனாம்பாளில் சிக்கல் சண்முகசுந்தரமாக வருகிறார். கொத்தமங்கலம் சுப்புவின் நாவலில் பிறந்த அந்த நாயனக்காரருக்குப் பணிவு என்பதே கிடையாது. கச்சேரியின் நடுவே வாணவெடி வெடித்தால் வாசிப்பை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். பிப்ரவரியில் இறைவன் முன் கூனி நின்ற உடம்பு ஜூலையில் கலைச் செருக்கில் விறைத்து நிற்கிறது. படத்துக்காக நாயனம் வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி செய்தது மூச்சு, கன்னம், விரல், கண் ஆகியவற்றை மட்டும் வைத்து அந்த நாதத்துக்குச் சொந்தக்காரர் ஆனது. தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே பஞ்சாலைகளால் வளர்ந்த ராஜபாளையம் இருக்கிறது. உயர்ந்த மனிதனின் நாயகன் ராஜலிங்கம் ஓர் ஆலை முதலாளி என்பதால் அந்த ஊர்க்காரர்களுக்கு அவன் அந்நியன் அல்ல. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய அந்தப் படத்தில் பெற்ற மகனே வேலைக்காரனாக வீட்டுக்கு வந்து நிற்கிறான். தகப்பனுக்கு அது தெரியவில்லை. மகனாக வரும் சிவகுமார்தான் பிப்ரவரியில் திருமாலாக வந்தவர். மகள் யாருக்குரியவள் என்று அறிந்தே கொடுத்த தகப்பனையும், மகன் யாரென்று அறியாமலே வைத்திருந்த தகப்பனையும் ஒரே ஆண்டில் ஒருவர் செய்திருக்கிறார். பி. சுசீலா பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருதைப் பெற்றதும் இந்தப் படத்தின் பாடலுக்காகத்தான். 1961இன் கண்ணீரில் பெரும்பங்கு இயக்குநர் பீம்சிங்கின் திரைக்கதைகளுக்கு உரியது. 1964இன் நவராத்திரி வேடத்துக்கு வேடம் தோற்றத்தை மாற்றிக் காட்டிய வித்தை. 1968இல் மாறுவது உள்ளம். தோற்றம் அதன் பின்னால் வருகிறது. அந்த ஆண்டின் எல்லாப் படங்களும் இந்தத் தரத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் உச்சத்தை அளக்க இந்த மூன்றும் போதும். கோதையின் அடுத்த ஆடிப்பூரத்துக்குள், வெளிவந்த வரிசையிலேயே மூன்றையும் பாருங்கள். திருமால் பெருமையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.